பரண்மேல் மாப்பிள்ளை

வேலாங்குளம் சந்தைத் திடலில் ஆள் இல்லாமல் நாடகம் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஊர்க்காரர்கள் அதைப் பற்றி வெளியூரில் பெருமையாகவும் பேசவில்லை, பயந்தும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முட்டுகிற கிடா ஒன்று வளர்ப்பதைப் பற்றிப் பேசுவதுபோல, கொஞ்சம் எரிச்சலோடும் கொஞ்சம் பழக்கத்தோடும்தான் பேசினார்கள்.

சின்ன வெங்காயத்தால் பிழைக்கிற ஊர் அது. மண்டியில் வெங்காயம், வாசலில் வெங்காயம், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில்கூட மழைக் காலத்தில் வெங்காயம். ஊரே கண்ணில் தண்ணீரோடு நடமாடியதால் யார் உண்மையிலேயே அழுகிறார்கள் என்று அங்கே கண்டுபிடிக்க முடியாது, அதனால் யாரும் யாரையும் கேட்பதும் கிடையாது. ஆனால் நாடகம் என்றால் எங்களுக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அந்த ஊருக்கு உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாட வேண்டும், அவர் பாடி முடித்ததும் ஆர்மோனியக்காரர் அதே மெட்டை இன்னொரு தரம் வாசித்துக் காட்ட வேண்டும், அப்புறம் பபூன் வந்து தன் பெண்டாட்டியைப் பற்றி நாலு வார்த்தை கேவலமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் சிரித்துவிட்டு முறுக்கு வாங்கப் போக வேண்டும். இதுதான் நாடகம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது ஊரின் முடிவு.

அந்த முடிவைக் காத்து வந்தவர் மாயழகு. பெரிய வெங்காய மண்டி அவருடையது, திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான். நாடகத்துக்கு முன்வரிசையில் இரும்பு நாற்காலி போட்டு உட்காருவார். அவர் உட்கார்ந்திருந்தால் நாடகம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், எழுந்தால் நன்றாக இல்லை என்று அர்த்தம், ஊருக்குத் தனியாகக் காது தேவைப்படவில்லை.

மாயழகுவுக்கு எழுந்து போவது வீட்டிலும் பழக்கம். மனைவி தவமணி ஏதாவது பேச ஆரம்பித்து, அந்தப் பேச்சு கொஞ்சம் சூடேறுகிற இடம் வந்தால், தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன் என்று எழுவார், மண்டிக்குப் போய்விடுவார், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். வருசக்கணக்கில் அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துச் சலித்த தவமணி, ஒரு நாள் அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தானும் எழுந்து, மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் ஆர்மோனியக்காரர் மகள். மதுரையில் ஒரு மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தபோது, அங்கே நாலு விதமான குரல்கள் நாலு மெட்டை ஒரே சமயத்தில் பாடுவதையும், பாடியும் கோயில் இடிந்து விழாமல் நிற்பதையும் கேட்டு, ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் கிடந்தாள். அந்தக் கோயிலில் கிளாரினெட் வாசித்த இன்னாசியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு குழு கட்டி, தானே ஒரு நாடகம் எழுதி மெட்டுப் போட்டாள்.

அந்த நாடகத்தை வேலாங்குளம் திருவிழாவுக்கு அழைத்தது மாயழகு இல்லை, கமிட்டியின் மற்ற ஆட்கள். அவர்களுக்கு நாடகம் பார்க்கும் ஆசை பாதி, நாடகம் நடக்கும்போது மாயழகுவின் முகத்தைப் பார்க்கும் ஆசை பாதி. மாட்டேன் என்று சொன்னால் பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்பார்கள், சரி என்று சொன்னாலும் அதையேதான் சொல்வார்கள் என்பதால் மாயழகு பேசாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

திரை விலகியது. ஒரு கல்யாண வீடு. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, மாப்பிள்ளையைக் காணவில்லை. மணப்பெண் பாடினாள். அவள் முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பாட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் மூச்சு வாங்குவதற்குள் சமையல்காரி உப்புப் போதவில்லை என்று பாடினாள், தாலி செய்கிற ஆசாரி இன்னும் மூணு குண்டு கோக்க வேண்டும் என்று பாடினார், கடைசியில் மேலே பரணில் ஒளிந்துகொண்டிருந்த மாப்பிள்ளையும் வாயைத் திறந்தான். ஐந்து பேரும் ஐந்து மெட்டில் ஒரே நேரத்தில் பாடினார்கள். அடியில் கிளாரினெட்டும் உருமியும் ஆர்மோனியமும் அவரவர் வழியில் போயின. பபூன் வரவே இல்லை.

பரண் என்றதும் கூட்டம் மாயழகுவைத் திரும்பிப் பார்த்தது. காரணம் உண்டு. தன் சொந்தக் கல்யாணத்தன்று மாயழகு வெங்காயப் பரணில் ஏறி ஒளிந்துகொண்டதும், தாய்மாமன் காலைப் பிடித்து இழுத்து இறக்கியதும், தலைமுடியில் வெங்காயச் சருகோடு அவர் தாலி கட்டியதும் ஊர் முழுக்கத் தெரிந்த கதை. எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் மோருக்கு முன்னால் அந்தக் கதை பரிமாறப்படும். இப்போது அது மேடையில் ஏறிவிட்டது. முதலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். மாயழகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"பாட்டாய்யா இது? சந்தைக்கடை" என்றார்.

அவ்வளவுதான். பாட்டு உண்மையிலேயே யாருக்கும் பிடிக்காமல்தான் இருந்தது, இப்போது அதைச் சொல்ல அனுமதியும் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை பரணிலிருந்து ஏணியில் முதல் காலை வைத்து ஒரு நீண்ட சுரத்தை எடுத்த நேரத்தில் செருப்புகள் பறந்தன. ஒன்று உருமியின் மேல் விழுந்து தாளத்திலேயே ஒலித்தது. தவமணி திரையை இழுத்து மூடச் சொல்லிவிட்டு, மறுநாள் விடிவதற்குள் குழுவோடு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு, பந்தல் பிரித்துப்போட்ட வெறும் திடலில், மணப்பெண் பாட ஆரம்பித்தாள்.

ஆள் இல்லை, குரல் மட்டும். அடுத்து மாப்பிள்ளையின் அம்மா குரல், சமையல்காரியின் குரல், எல்லாம் முந்தின நாள் மாதிரியே வரிசையாக வந்தன. மைக்செட்காரர் ஏதோ ஒயரை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று தேடினார்கள். ஒயர் இல்லை. மேடைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு தவளைதான் இருந்தது. நாடகத்தின் சத்தம் மட்டும் இல்லை, கூட்டத்தின் சத்தமும் சேர்ந்தே வந்தது: எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ தும்மினார்கள், ஒருவர் முறுக்கைக் கடித்தார், பரண் வந்ததும் வரிசை வரிசையாகச் சிரித்தார்கள், நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்பட்டது, பாட்டாய்யா இது சந்தைக்கடை என்று மாயழகுவின் குரல் கேட்டது, மாப்பிள்ளை அந்த நீண்ட சுரத்தை எடுத்தான், செருப்புகள் விழுந்தன, எல்லாம் நின்றுவிட்டது. திடலில் கூடி நின்றவர்கள் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

போலீஸில் போய்ச் சொன்னார்கள். பாடுகிறவர்கள் யாரும் இல்லாததால் யாரைப் பிடிப்பது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்; சத்தம் போட்டதாகப் பிடிக்க வேண்டுமானால் உங்கள் ஊர் ஆட்களின் சத்தம்தான் அதில் தெளிவாகக் கேட்கிறது என்றும் சொன்னார். பூசாரி நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டினார். சமையல்காரி உப்புப் போதவில்லை என்று பாடிய அதே நேரத்தில் அவர் வெட்டியதால் ஊர் சிரித்துவிட்டது, பூசாரி கோபித்துக்கொண்டு போனார். மாதா கோயில் பாட்டின் சாயல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதால் பங்குச் சாமியாரையும் கூப்பிட்டார்கள். அவர் வந்து முழுக்கக் கேட்டுவிட்டு, ரெண்டாவது பாட்டில் கிளாரினெட் கொஞ்சம் சுதி இறங்கியிருக்கிறது, மற்றபடி ஒன்றும் குறையில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

ஒழிக்க முடியாததோடு ஊர் மெல்ல ஒட்டிக்கொண்டது. சாயங்கால ஏலத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தார்கள், ஏனென்றால் ஆசாரி மூணு குண்டு, மூணு குண்டு என்று பாடும்போது ஏலம் கேட்கிறவர்களுக்குக் கணக்குத் தப்பியது. பால் கறக்கிறவர்கள், ஐந்து பேரும் சேர்ந்து பாடும் இடத்தில் மாடு காலை உதறுகிறது என்று கண்டுகொண்டு அதற்குமுன் முடித்துக்கொண்டார்கள். வீடுகளில் நாடகத்து மாமியார் பாட்டுக்கு அரிசி களைந்து சமையல்காரி பாட்டுக்கு உலையில் போட்டால் சாதம் பதமாக இருந்தது. அன்றைக்குத் தும்மியவர் தபால் ஆபீஸ்காரர். அவர் தும்மல் வரும்போது தெருவில் போகிற எல்லோரும் அவரைப் பார்த்துத் தலையாட்டியதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்து, அது சாதாரணத் தும்மல், இன்னும் நன்றாகத் தும்மியிருக்கலாம் என்று சொல்லத் தொடங்கினார்.

ஆனால் யாரும் அதைப் பாட்டாகக் கேட்கவில்லை. பாட்டாகக் கேட்க ஆரம்பித்த முதல் ஆள் பாக்கியம், அவளும் பாட்டுக்காகக் கேட்கவில்லை.

பாக்கியத்தின் புருசன் காட்டுராசா, மாயழகு மண்டியில் ஏலம் கூவுகிறவர், பெரிய தொண்டை, அதைவிடப் பெரிய இருமல். நாடகத்தன்றும் இருமினார். அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மூட்டை தூக்குவதற்குக் குனிந்தவர் அப்படியே விழுந்து போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு சாயங்காலம் பாக்கியம் திடலைத் தாண்டி வந்தபோது, அந்தச் சத்தக் கூளத்துக்கு நடுவிலிருந்து அவள் புருசன் இருமினார். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பாய் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். எப்போது இருமுவார் என்று தெரியாததால் முழுக்கவும் காத்திருக்க வேண்டியிருந்தது. அசந்த நேரத்தில் இருமல் போய்விட்டால் அன்றைய பொழுது வீண். அதனால் எதற்குப் பின்னால் எது வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தாள், கவனிக்கக் கவனிக்க, கூளமாகக் கிடந்தது நூல் நூலாகப் பிரிந்தது. பக்கத்தில் யாராவது பேசினால் அடித்துவிடுவதுபோலப் பார்த்தாள். அவளுக்குத் துணையாக வந்து உட்கார்ந்த பெண்களும் பேச முடியாததால் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். கொஞ்ச நாளில் சமையல்காரிதான் நல்ல குரல் என்று ஒரு கூட்டமும், மாமியார்தான் என்று ஒரு கூட்டமும் உருவாகி, தண்ணீர்க் குழாயடியில் அதற்காக ஒரு குடமும் நசுங்கியது.

மாயழகு மட்டும் வரவில்லை. அவர் வீடு திடலுக்கு எதிரே. சன்னலைச் சாத்தினார், காதில் பஞ்சு வைத்தார். பாட்டைத் தாங்கினாலும் தாங்கலாம், தினமும் தன் குரலே வந்து சந்தைக்கடை என்று கத்திவிட்டுப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அது அவர் நினைத்திருந்ததைவிடக் கீச்சென்று இருந்தது. கடைசியில் மாடியில் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சினிமாப் பாட்டுப் போட்டார். திடலில் ஒன்றும் கேட்கவில்லை.

பாக்கியம் எழுந்து, நேரே அவர் வீட்டுக்குள் போய், பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வீடு இருட்டாகியது. மாயழகு வெளியே வந்தார்.

"அண்ணே, எம் புருசன் இருமுற நேரத்துல நீங்க சினிமாப் பாட்டுப் போடுறீங்க" என்றாள் பாக்கியம். "உசுரோட இருந்தப்பவும் மண்டியில அவரை வாய் திறக்க விட்டதில்ல. ஏலம் கூவ மட்டும்தான் விட்டீங்க. செத்ததுக்கப்புறம் இருமக்கூடக் கூடாதா?"

மாயழகு அது வெறும் சத்தம் என்றார்.

"சத்தந்தான். யாரு இல்லைன்னா? வந்து உக்காருங்க. இருமல் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போங்க."

இருட்டு வீட்டில் நிற்பதைவிடத் திடலில் உட்காருவது மேல் என்று மாயழகு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாக்கியம் அவருக்கு வழி சொன்னாள். சமையல்காரி மூணாவது தடவை உப்பு என்று இழுப்பாள், அவளை விட்டுவிட வேண்டும், அவள் பின்னால் போனால் தொலைந்துவிடுவோம். அவளுக்கு அடியில் கிளாரினெட் படி இறங்குவதுபோல இறங்கும், அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும், கடைசிப் படிக்கு வந்ததும் அவர் இருமுவார்.

மாயழகு கிளாரினெட்டைப் பிடித்தார். முதலில் அது கைக்குச் சிக்காமல் வழுக்கியது, மாமியார் குறுக்கே வந்தாள், ஆசாரி குறுக்கே வந்தார். பிறகு பிடிபட்டது. படிப்படியாகக் கூடவே இறங்கினார். கடைசிப் படியில் காட்டுராசா இருமினார், பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள். மாயழகு அதைக் கவனிக்கவில்லை. கிளாரினெட் இறங்கி நின்ற இடத்துக்கும் கீழே இன்னொருவன் பாடிக்கொண்டிருந்தான். பரணில் இருக்கிறவன். நாலு பேருக்கும் அடியில், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலப் பாடினான்.

'இறங்கினால் புருசன் ஆவேன். புருசன் ஆனால் அப்பன் ஆவேன். என் அப்பனுடைய கைதானே என் தோளில் முளைத்திருக்கிறது.'

மாயழகுவின் அப்பா, மூட்டை கட்டுகிற கயிற்றால் மாயழகுவின் அம்மாவை அடித்துவந்தவர். கல்யாணத்தன்று பரணில் ஏறியது எதற்கென்று மாயழகு ஒருவரிடமும் சொன்னதில்லை. தாய்மாமனிடம் சொல்லவில்லை, தவமணியிடம் சொல்லவில்லை. பேச்சு சூடேறும்போதெல்லாம் எழுந்து மண்டிக்கு ஓடியது எதற்கென்றும் சொன்னதில்லை. கை நடுங்கியது, அந்தக் கை யாருடையது என்று தெரிந்திருந்தது, அதனால் அதைத் தூக்கிக்கொண்டு தூரமாய்ப் போனார், அவ்வளவுதான். தன்னைக் கேலி செய்ய எழுதினாள் என்று நினைத்துத்தான் அன்றைக்கு நாற்காலியைத் தள்ளினார். அவளோ ஐந்து பாட்டில் ஆகச் சிறந்ததை அவருக்குக் கொடுத்து, சிரிக்கிறவர்கள் கைக்கு எட்டாத ஆழத்தில் வைத்திருந்தாள். ஊரோடு சேர்ந்து அவரும் அதைக் கேட்காமல் போனார்.

அதற்குப் பிறகு மாயழகு தினமும் வந்தார். தன் குரல் கத்தும் இடத்தில் மட்டும் குனிந்து வேட்டி நுனியைச் சரிசெய்துகொள்வார். தன் கத்தலைக் கேட்டு ரசிக்கத்தான் வருகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது.

அவர் வர ஆரம்பித்ததும் மிச்ச ஊரும் வந்துவிட்டது, பழக்கம் அப்படி. இப்போது எல்லோருக்கும் ஒரே தவிப்பு: நாடகம் பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளை ஏணியில் ஒரு காலை வைக்கிறான், ஒரு சுரம் எடுக்கிறான், செருப்பு விழுகிறது. தினமும் அங்கேயே. இறங்குவான் என்று ஒரு கட்சி, இறங்கமாட்டான் என்று ஒரு கட்சி. நிச்சயமான கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் இறங்கமாட்டான் கட்சி என்று தெரிந்ததால் நின்றுபோனது. பெண்ணின் அப்பா, அப்படி நினைக்கிற வீட்டில் எம் பொண்ணு எப்படி வாழ்வா என்று கேட்டார்.

கமிட்டி ஆட்கள் ஒரு மூட்டை வெங்காயத்தோடு மதுரைக்குப் போனார்கள். தவமணி ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்கு நாலு வரி மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். திடலில் நாடகம் தானாகக் கேட்கிறது என்பதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை, ஊர் அதை உட்கார்ந்து கேட்கிறது என்பதற்குத்தான் ஆச்சரியப்பட்டாள். பிறகு, உங்க ஊருக்குப் பாதிதான் தாங்கும், அந்தப் பாதி உங்ககிட்ட இருக்கு, போயிட்டு வாங்க என்று சொல்லி, வெங்காயத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

அடுத்து மாயழகு போனார், தனியாக, வெறுங்கையோடு.

தவமணி கதவைத் திறந்து அவரைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. மாயழகு வாசலில் நின்றபடியே, பரண்மேல் மாப்பிள்ளையின் பாட்டைப் பாடினார். அவருக்குச் சுதியும் கிடையாது, தாளமும் கிடையாது, ஏலக் குரலில் முதல் வரியிலிருந்து செருப்பு விழும் இடம்வரை பாடினார். உள்ளே இருந்து இன்னாசி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"இது ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் மாயழகு.

"வந்ததுக்கப்புறந்தான் தெரிஞ்சுச்சு. முதுகைப் பாத்துக்கிட்டு இருந்தவரைக்கும் தெரியல. இங்க வந்து உக்காந்து யோசிக்கிறப்ப, எந்திரிச்சுப் போறப்பல்லாம் வலது கையை இடது கையால பிடிச்சுக்கிட்டுப் போவீங்களே, அது ஞாபகம் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாம் நீ."

"சொல்லத்தான வந்தேன், அஞ்சு பேரை வச்சுக்கிட்டு. அப்பவும் எந்திரிச்சுப் போனீங்க."

மாயழகு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து போக நாற்காலியும் இல்லை. இரண்டாம் பாதி முதல் பாதி மாதிரி இருக்காது என்று தவமணி எச்சரித்தாள், அதில் ஒன்பது பேர் பாடுவார்கள், கிளாரினெட் இருக்காது, கேட்கிறதுக்கு இதைவிடக் கஷ்டம். வந்து போடு, உக்காந்திருக்கேன் என்றார் மாயழகு.

பந்தல் போட்டார்கள். ஊர் முழுக்கத் திடலுக்கு வந்தது, பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு கட்சிக்கும் ஆட்கள் வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதல் பாதி வழக்கம்போலத் தானாகவே ஒலித்தது, எல்லோரும் கூடவே முணுமுணுத்தார்கள், காட்டுராசா இருமினார், மாயழகு கத்தினார், செருப்புகள் விழுந்தன. அந்த நீண்ட சுரம் நின்ற இடத்திலிருந்து, மேடையில் உயிரோடு நின்ற மாப்பிள்ளை அதைப் பிடித்துத் தொடர்ந்தான்.

மோசமாக இருந்தது. ரொம்ப நேரத்துக்கு ஆசாரியின் சுத்தியல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஊர் மனப்பாடம் செய்து வைத்திருந்த சமையல்காரி ஒரு வார்த்தைகூடப் பாடவில்லை, அவள் கட்சிக்காரர்கள் முகம் தொங்கியது. மாப்பிள்ளை நாலு படி இறங்கினான், நின்றான். கீழே இருந்த மணப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நடு ஏணியில் இருவரும் எதிர் எதிரே வந்து நின்றார்கள். இறங்குவான் கட்சி, இறங்கமாட்டான் கட்சி இரண்டுமே தோற்றுப்போனதை ஜீரணிப்பதற்குள், சுற்றி ஏழு பேர் ஏழு மெட்டில் பாட ஆரம்பித்தார்கள். அதற்கு நடுவில் மணப்பெண் அவனிடம் ஏதோ சொன்னாள், அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான், ஒன்றும் விளங்கவில்லை, திரை விழுந்தது.

மாயழகு முழுக்க உட்கார்ந்திருந்தார். ஏழு பேர் பாட ஆரம்பித்த இடத்தில் அவர் முழங்கால் ஒரு தடவை எழும்பியது, திரும்பக் கீழே போனது, பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

கைதட்டல் இல்லை, செருப்பும் இல்லை. தவமணி மேடைக்கு முன்னால் வந்து எப்படி இருந்தது என்று கேட்டாள். ஊர் மாயழகுவைப் பார்த்தது. ஒண்ணும் பிடிக்கல என்றார் அவர். ஊரே தலையாட்டியது. தவமணி பல வருசங்களுக்குப் பிறகு அந்த ஊரில் வாய்விட்டுச் சிரித்தாள். பரவாயில்லை, நாளை விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தானாகக் கேட்கும், மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம் வந்தது. திடலில் பாய்கள் விரிந்திருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் பாதி வரவில்லை, முதல் பாதியும் வரவில்லை. முடிந்துபோன நாடகம் போய்விட்டது, அதோடு தும்மலும் சிரிப்பும் போய்விட்டன, மாயழகுவின் கத்தலும் போய்விட்டது. மாடுகள் குழம்பிப்போய்ப் பால் விடவில்லை. வெறும் காற்றும் வெங்காய வாடையும் இருந்த திடலில் பாக்கியம் ரொம்ப நேரம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், அவளிடம் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பிறகு அவள் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். ஊர் அவள் பின்னால் நடந்தது.

மதுரை பஸ் புறப்பட நின்றது. குழு ஏறிவிட்டது, பெட்டிகள் பின்னால் ஏற்றியாகிவிட்டது. பாக்கியம் படியை மறித்து நின்றாள். தவமணிக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் விசயம் புரிந்துவிட்டது. கீழே குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"காட்டுராசா அண்ணனோட இருமலை என்னால திருப்பிக் கொண்டாற முடியாது பாக்கியம். அது இப்பிடிப் போயிடும்னு எனக்குத் தெரியாது."

"அது போகுது மதினி. இருந்தவரைக்கும் இருமினாரு, செத்தும் இருமினாரு, பாவம், அவருக்கும் ஓய்வு வேணும்ல" என்றாள் பாக்கியம். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, அந்த ஊரில் அதற்கு அர்த்தம் கேட்கிற வழக்கமில்லை. "நான் வந்தது வேற. நேத்து ஏணியில நின்னு அந்தப் பொண்ணு அவன்கிட்ட என்னமோ சொன்னாளே. அது என் காதுல விழல. சுத்தி ஏழு பேரு கத்துனா எப்பிடி விழும்? பாட்டும் நல்லா இல்ல, உள்ளதைச் சொல்றேன். ஆனா அவ என்ன சொன்னான்னு தெரியாம நான் வீட்டுக்குப் போய் என்ன செய்ய?"

"ஒரு தடவை கேட்டா விழாது."

"தெரியும். அதுக்குத்தான பாயைக் கொண்டாந்திருக்கேன்."

தவமணி கூட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் மாயழகு நின்றார், எங்கேயும் போகவில்லை.

"எத்தனை தடவை கேட்டும் பிடிக்கலைன்னா?" என்று பாக்கியத்திடம் கேட்டாள் தவமணி.

"பிடிக்கிறவரைக்கும் நீங்க எங்க போயிடப் போறீங்க, நாங்க எங்க போயிடப் போறோம்."

கண்டக்டர் நீளமாக விசில் கொடுத்தார். பின்வாசல் வழியாக ஏற்கெனவே இறங்கி, ஆர்மோனியப் பெட்டியை மாயழகுவின் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த இன்னாசி, அந்த விசில் அரைச் சுரம் குறைவு என்றார்.